ஆறு வாரப் படுக்கையும் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும்

நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினவரைப் பார்க்க நம்மூரில் சொந்தபந்தம் வரும்போது கையில் சாத்துக்குடி இருக்கும், வாயில் ஒரு பட்டியல் இருக்கும். மாடி ஏறாதீங்க. பக்கெட் தூக்காதீங்க. சத்தமாப் பேசாதீங்க. கடைக்கெல்லாம் பையனை அனுப்புங்க. இந்தப் பட்டியலில் 'ஓடாதீங்க' மட்டும் இருக்காது. இந்த மனுஷர் ஓடுவார் என்கிற நினைப்பே அவங்களுக்கு வராது, அதான் காரணம்.

இதை ஏதோ பாமரத்தனம்னு நினைச்சுடாதீங்க. அந்தப் பட்டியல் ஒரு காலத்தில் உலகத்தின் தலைசிறந்த டாக்டர்கள் எழுதிக்கொடுத்த மருந்துச்சீட்டு. அதை அவங்களே கிழிச்சுப் போட அறுபது வருஷம் ஆச்சு. அந்த அறுபது வருஷக் கதையைத்தான் இன்னிக்கு சொல்லப்போறேன். கொஞ்சம் நீளம்தான், ஒரு காபியோட உட்காருங்க.

படுக்கை

1912ல் சிகாகோவில் இருந்த ஜேம்ஸ் ஹெரிக் என்ற டாக்டர் ஒரு கட்டுரை எழுதினார். இதயம் ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்புது, சரி. அதோட சொந்தத் தசைக்கு ரத்தம் வேணுமில்லையா? அதைக் கொண்டுபோற குழாய்க்குத்தான் கரோனரி தமனின்னு பேர். அதில் திடீர்னு அடைப்பு வந்தா ஆள் உடனே போய்ச் சேர்ந்துடுவார்னுதான் அதுவரைக்கும் பெரும்பாலும் நினைச்சிட்டிருந்தாங்க. அப்படி இல்லை, பிழைக்கிறவங்களும் உண்டு, அவங்களை உயிரோட இருக்கும்போதே அடையாளம் கண்டுபிடிக்கலாம்னு ஹெரிக் சொன்னார்.

பிழைச்சுட்டார், சரி. அடுத்து அவரை என்ன செய்யறது? ஹெரிக் முதல் சில நாட்களுக்கு முழு ஓய்வு சொன்னார். அதுக்கப்புறம் வந்தவங்க அந்த 'சில நாட்களை' வாரக்கணக்கில் நீட்டிட்டாங்க. நீட்டினதுக்குக் காரணமும் இருந்தது. 1939ல் பாஸ்டனில் மல்லோரி, பால் டட்லி ஒயிட் ஆகியோர் அடங்கிய குழு, மாரடைப்பு வந்து பிறகு இறந்தவர்களின் இதயங்களை மைக்ராஸ்கோப்பில் வைத்து ஆராய்ந்தது. செத்துப்போன தசை, தழும்பாக இறுகிக் கெட்டிப்பட ஒரு மாசத்துக்கு மேலே, பெரிய அடைப்பாக இருந்தால் இரண்டு மாசம்கூட ஆகுதுன்னு பார்த்தாங்க. அதுவரைக்கும் ஆளை அசைச்சா இதயச் சுவர் கிழிஞ்சுடுமேன்னு பயம். நியாயமான பயம்தான். காலில் எலும்பு முறிஞ்சா மாவுக்கட்டு போட்டு அசையாம வைக்கிறோமில்லையா, அதே தர்க்கம்.

ஆனா இதயத்துக்கு மாவுக்கட்டு போட முடியாது. அது நிமிஷத்துக்கு எழுபது தடவை அடிச்சுட்டேதான் இருக்கும். அதனால மாவுக்கட்டை ஆளுக்கே போட்டாங்க. ஆறு வாரம் படுக்கை. எழுந்து உட்காரக்கூடாது. ஷேவிங் பண்ணிக்கக்கூடாது. பல இடங்களில் சாப்பாட்டைக்கூட நர்ஸ்தான் ஊட்டிவிடணும். மலஜலம் எல்லாம் படுக்கையிலேயே.

விளைவு? அசையாமல் கிடந்த கால்களில் ரத்தம் உறைஞ்சு, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைச்சு சில பேர் போய்ச் சேர்ந்தாங்க. படுக்கைப் புண் வந்தது. எல்லாத்துக்கும் மேலே, ஆறு வாரம் ஸ்பூனில் ஊட்டப்பட்ட ஒரு நாற்பத்தைஞ்சு வயசு ஆம்பிளை, தான் இனி பாதி மனுஷன்னு நம்பிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினார். இதயம் ஆறினாலும் அந்த நம்பிக்கை ஆறலை.

நாற்காலி

இதை முதலில் அசைச்சுப் பார்த்தவர் பாஸ்டனில் இருந்த சாமுவேல் லெவைன். அவரோட யோசனை ரொம்ப எளிமை. படுத்திருக்கும்போது கால்களில் இருக்கிற ரத்தம் சுலபமா இதயத்துக்குத் திரும்புது, அதனால இதயத்துக்கு வேலை கூடுது. உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டா அந்தச் சுமை குறையும். அப்புறம் எதுக்குப் படுக்க வைக்கணும்?

லெவைனும் அவரிடம் பயிற்சியில் இருந்த இளைஞர் பெர்னார்ட் லவுனும் சேர்ந்து நோயாளிகளைத் தூக்கி சாய்வு நாற்காலியில் உட்கார வைக்க ஆரம்பிச்சாங்க. முதல் ஓரிரு நாளிலேயே, ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். கூட வேலை பார்த்தவங்களே இது நோயாளியைக் கொல்ற வேலைன்னு எதிர்த்ததாக லவுன் பின்னாளில் எழுதியிருக்கார். 1952ல் 81 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. பயந்தபடி யாருக்கும் நாற்காலியால் இதயம் கிழியலை. உட்கார்ந்த ஆட்களுக்கு முகத்தில் களை வந்திருந்தது, தூக்கம் வந்தது, சாப்பாடு பிடிச்சது.

(இந்த லவுன்தான் பின்னாடி நின்றுபோகும் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் டீபிப்ரிலேட்டரின் நவீன வடிவத்தைக் கொண்டுவந்தவர். அணு ஆயுதத்துக்கு எதிரா டாக்டர்களைத் திரட்டி 1985ல் நோபல் அமைதிப் பரிசு வாங்கிய இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவரும் இவரே. சில பேர் ஒரு வாழ்க்கையில் நாலு வாழ்க்கை வாழ்ந்துடறாங்கப்பா!)

படுக்கையிலிருந்து நாற்காலி. இரண்டடி தூரம்தான். அதுக்கு நாற்பது வருஷம்.

மாடி பஸ்

அதே சமயம் லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற ஆராய்ச்சியாளர் வேறொரு கேள்வியைப் பிடிச்சுட்டிருந்தார். மாரடைப்பு ஏன் திடீர்னு இவ்வளவு பேருக்கு வருது? ஆராய அவர் தேர்ந்தெடுத்தது லண்டன் பஸ்காரர்களை. பழைய மெட்ராஸ் மாடி பஸ்ஸில் போனவங்களுக்கு இது உடனே புரியும். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மேலேயும் கீழேயும் ஏறி இறங்கிட்டே இருக்கார், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 படி. ஒரே டிப்போ, ஒரே ஷிப்ட், ஏறக்குறைய ஒரே வர்க்கம். வித்தியாசம் அந்தப் படிக்கட்டுதான்.

சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களின் கணக்கு 1953ல் லான்செட் இதழில் வந்தது. டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் அவ்வளவு கடுமையா வரலை. தபால் துறையிலும் இதே கதை: நடந்தும் சைக்கிளிலும் போன தபால்காரர்களுக்குக் குறைவு, உட்கார்ந்து வேலை பார்த்தவங்களுக்கு அதிகம்.

மாரிஸ் நேர்மையான ஆள். 'படி ஏறுறதால மட்டும்தானா?'ன்னு தன்னையே கேட்டுக்கிட்டார். 1956ல் பஸ்காரர்களோட யூனிபார்ம் அளவுகளைத் தேடி எடுத்தார். டிரைவர்களின் பேன்ட் இடுப்பளவு ஆரம்பத்திலிருந்தே கண்டக்டர்களைவிடப் பெரிசு! ஆக, வேலைக்குச் சேரும்போதே வித்தியாசம் கொஞ்சம் இருந்திருக்கு. தன் கண்டுபிடிப்பையே தையல்கார டேப்பை வெச்சு அளந்து பார்த்த இந்த மனுஷரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவரும் கடைசிவரைக்கும் உடற்பயிற்சி செய்தவர். 2009ல் 99 வயசில் காலமானார்.

ஜனாதிபதியின் இதயம்

1955 செப்டம்பர் 24. அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு டென்வரில் மாரடைப்பு. அடுத்த திங்கட்கிழமை நியூயார்க் பங்குச்சந்தை 6 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. வைத்தியத்துக்கு வரவழைக்கப்பட்டவர் யார் தெரியுமா? 1939 ஆராய்ச்சியில் இருந்த அதே பால் டட்லி ஒயிட்!

ஆனா ஒயிட் இதற்குள் மாறியிருந்தார். சைக்கிள் ஓட்டுவதும் நடப்பதும் அவரோட மதம் மாதிரி. பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு, மாரடைப்புன்னா என்ன, எப்படி ஆறும்னு நாட்டுக்கே பாடம் எடுத்தார். அடுத்த பிப்ரவரியில், ஜனாதிபதி இன்னும் ஐந்திலிருந்து பத்து வருஷம் சுறுசுறுப்பா வேலை பார்க்க வாய்ப்பிருக்குன்னு பகிரங்கமா சொன்னார். ஐசன்ஹோவர் மறுபடி தேர்தலில் நின்னு ஜெயிச்சார், கோல்ப் ஆடினார், 1969 வரை இருந்தார். மாரடைப்பு வந்தவர் ஒரு நாட்டையே நிர்வாகம் பண்ணலாம்னா, தன் கடையில் கல்லாவில் உட்காரலாம்தானே? ஆயிரம் கட்டுரைகள் செய்யாத வேலையை இந்த ஒரு நோயாளி செய்தார்.

ஐந்து இளைஞர்கள்

படுக்கைக்குக் கடைசி ஆணி அடிச்சது 1966ல் டல்லாஸில் நடந்த ஒரு சோதனை. ஆரோக்கியமான இருபது வயசுப் பையன்கள் ஐந்து பேரைப் பிடிச்சு மூணு வாரம் படுக்கையில் போட்டாங்க. நோய் நொடி எதுவும் கிடையாது, சும்மா படுத்திருக்கணும். மூணு வாரம் கழிச்சு எழுப்பி அளந்து பார்த்தா, உடம்பு அதிகபட்சமா பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு கால் பங்குக்கு மேல் குறைஞ்சிருந்தது. அப்புறம் எட்டு வாரம் போலப் பயிற்சி கொடுத்து மேலே கொண்டுவந்தாங்க.

முப்பது வருஷம் கழிச்சு, ஐம்பது வயசைத் தொட்ட அதே ஐந்து பேரை மறுபடி கூப்பிட்டு அளந்தாங்க. முப்பது வருஷ வயசேற்றம் அவங்க உடம்பை இறக்கினதைவிட, அந்த மூணு வாரப் படுக்கை இறக்கினதுதான் அதிகம்! மூணு வாரம் முப்பது வருஷத்தைத் தோற்கடிச்சிருக்கு. நல்லா இருந்த பையன்களுக்கே இந்த கதின்னா, அடிபட்ட இதயத்தோடு ஆறு வாரம் கிடந்தவங்களை நினைச்சுப் பாருங்க.

கால் நரம்பும் நெஞ்செலும்பும்

இந்தக் கதையில் இப்போ கத்தி வருது. 1967 மே மாதம், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அர்ஜென்டினாக்காரரான ரெனே ஃபவலோரோ, காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயை இதயத்தில் ஒட்டி, அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வழி பண்ணினார். (அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே லெனின்கிராடில் கோலெசோவ் என்பவர் மார்புத் தமனியை வைத்து இதைச் செய்திருந்தார். பனிப்போர் காலம், மேற்கே அதை அதிகம் பேர் கவனிக்கலை.) ஃபவலோரோ அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் அர்ஜென்டினாவின் ஒரு குக்கிராமத்தில் ஊர் டாக்டராக இருந்தவர்.

இந்தியாவின் முதல் பைபாஸ் எங்கே நடந்ததுன்னு நினைக்கறீங்க? பம்பாய்? டெல்லி? நம்ம பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரிங்க! 1975ல் டாக்டர் கே.எம். செரியன் செய்தது. அந்தப் பக்கம் ரயிலில் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு கும்பிடு போடத் தோணும்.

தோணுறதுக்குக் காரணம் இருக்கு. எனக்கும் 57 வயசில் பைபாஸ் ஆச்சு. 'கால் நரம்பை எடுத்து நெஞ்சுல வெச்சிருக்காங்க'ன்னு ஊரில் சொல்வாங்களே, அதேதான். (நரம்பு இல்லை, சிரை. ஆனா நாம நரம்புன்னே வெச்சுக்குவோம், யார் கேட்கப்போறா.) நெஞ்செலும்பை ரம்பத்தால் நடுவில் பிளந்து, வேலை முடிஞ்சதும் ஸ்டீல் கம்பியால் தைச்சு மூடறாங்க. அந்த எலும்பு கூட ஏறக்குறைய மூணு மாசம். அதுவரைக்கும் இருமினாக்கூட தலையணையை நெஞ்சோட அணைச்சுக்கணும். இந்த மூணு மாசத்துக்கு, சாத்துக்குடியோட வந்தவங்க சொன்ன 'பக்கெட் தூக்காதீங்க' நூறு சதவீதம் சரி. சிக்கல் என்னன்னா அந்தப் பட்டியலுக்கு முடிவுத் தேதி யாரும் போடறதில்லை. மூணு மாசம் முடிஞ்சாலும் முப்பது வருஷத்துக்கு அதே பட்டியல்.

இன்னொண்ணையும் சொல்லணும். பைபாஸ் நோயைக் குணப்படுத்தறதில்லை, அடைப்பைச் சுத்திப் போக ஒரு புறவழிச்சாலை போடுது, அவ்வளவுதான். பழைய குழாயை அடைச்ச அதே சமாச்சாரம் புதுக் குழாயையும் அடைக்கும். காலிலிருந்து எடுத்த சிரைகளில் கணிசமானவை பத்துப் பதினைஞ்சு வருஷத்தில் அடைபட்டுப் போகும். மார்புத் தமனியை வெச்சு ஒட்டினது அதைவிட நீண்ட நாள் உழைக்கும். ஆக, ஆபரேஷன் கொடுக்கறது கொஞ்சம் அவகாசம். அந்த அவகாசத்தை என்ன பண்றோம்ங்கறதுதான் கேள்வி.

டொராண்டோவிலிருந்து பாஸ்டன்

அந்தக் கேள்விக்குக் கால்களால் பதில் சொன்னவர்களின் கதை இது.

டொராண்டோ மறுவாழ்வு மையத்தில் டெரன்ஸ் கவனா என்று ஒரு டாக்டர். 1960களின் கடைசியில் மாரடைப்பு வந்தவங்களுக்கான உடற்பயிற்சித் திட்டம் ஒண்ணைத் தொடங்கினார். வந்தவங்க வீரர்கள் கிடையாது. பெரும்பாலும் நடுத்தர வயது ஆபீஸ் ஆட்கள், சிகரெட்டை அப்போதான் விட்டவங்க, படி ஏறவே பயந்தவங்க.

கவனா செய்த முதல் வேலை ஓட வைக்கறது இல்லை, அளக்கறது. சைக்கிள் மாதிரிக் கருவியில் உட்கார வைத்து, இ.சி.ஜி. மாட்டி, எந்த அளவு வேலைக்கு இதயம் எப்படி நடந்துக்குதுன்னு பார்த்தார். பார்த்துட்டு ஆளுக்கு ஆள் தனியா ஒரு சீட்டு எழுதினார். மருந்துச்சீட்டு மாதிரியே: இத்தனை தூரம், இத்தனை நிமிஷத்தில், வாரத்துக்கு இத்தனை நாள். ஆரம்பம் ஒரு மைல் நடை. அது சுலபமானதும் தூரத்தைக் கூட்டணும். தூரம் பழகினதும்தான் வேகம். வேகமும் பழகினதும், நடைக்கு நடுவில் கொஞ்சம் மெல்லோட்டம், மறுபடி நடை, மறுபடி மெல்லோட்டம். மாசக்கணக்கில், வருஷக்கணக்கில். அவசரமே கிடையாது.

இப்படி வளர்ந்தவங்களில் ஒரு சின்னக் கூட்டத்துக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. 1973 ஏப்ரலில் அவங்க பாஸ்டன் மாரத்தானுக்குப் போனாங்க. இருபது வருஷம் முன்னாடி லெவைன் மாரடைப்பு நோயாளியை நாற்காலியில் உட்கார வெச்சதுக்குத் திட்டு வாங்கினாரே, அதே பாஸ்டன். மாரடைப்பு வந்து தேறிய ஏழு பேர் 42 கிலோமீட்டரையும் முடிச்சாங்க. அன்னிக்கு ஜெயிச்சவர் 2 மணி 16 நிமிஷத்தில் வந்தவர். இவங்க வந்தப்போ அந்த ஆரவாரமெல்லாம் அடங்கி வெகுநேரம் ஆகியிருக்கும். ஆனா எனக்கு அன்னிக்கு பாஸ்டனில் நடந்த ஓட்டம் இந்த ஏழு பேரோடதுதான். அடுத்த வருஷமே இந்த விவரம் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஆராய்ச்சிக் கட்டுரையாக வந்தது.

அதே 1973 டிசம்பரில் ஹவாயில் ஹொனலுலு மாரத்தான் பிறந்தது. அதில் முக்கியப் பங்கு ஜாக் ஸ்காஃப் என்ற இதய டாக்டருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில் பூங்காவில் கூட்டம் சேர்த்து சாதாரண ஆட்களுக்கு ஓடக் கத்துக்கொடுத்தார். அவர் வலியுறுத்தின ஒரு விதி இன்னிக்கும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கு: பக்கத்தில் ஓடுறவரோட பேசிட்டே ஓட முடியணும். பேச முடியலைன்னா வேகம் அதிகம்.

1985ல் இன்னொரு படி. கவனாவின் வழிகாட்டலில் மாற்று இதயம் பொருத்தப்பட்ட ஒருவர் பாஸ்டன் மாரத்தானை முடித்தார். மாற்று இதயத்துக்கு மூளையிலிருந்து வரும் நரம்பு இணைப்பு அறுந்துபோயிருக்கும். ஓட ஆரம்பிச்சதும் நமக்கு மாதிரி நாடித்துடிப்பு உடனே ஏறாது. ரத்தத்தில் அட்ரினலின் வந்து தட்டி எழுப்பினபிறகுதான் மெதுவா ஏறும். அப்படிப்பட்ட இதயம் 42 கிலோமீட்டர்!

ஏன் இது சாத்தியமாகுது? பயிற்சி பண்ணும்போது கால் தசைகள், வர்ற ரத்தத்திலிருந்து அதிக ஆக்சிஜனை உறிஞ்சக் கத்துக்கறது. அதனால அதே வேலைக்கு இதயம் குறைஞ்ச தடவை அடிச்சாப் போதும். இதயத்தின் சொந்தத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இரண்டு துடிப்புக்கு நடுவில், அது தளர்ந்திருக்கும்போதுதான் கிடைக்குது. துடிப்பு குறைஞ்சா அந்த இடைவெளி நீளும். சம்பளத்தைக் கூட்ட முடியாட்டியும் செலவைக் குறைச்சு மிச்சம் பிடிக்கிறோமே, அந்த மாதிரி.

மமதை

கதை இங்கேயே முடிஞ்சா சுபம் போட்டுடலாம். முடியலை.

எழுபதுகளில் கலிபோர்னியாவில் தாமஸ் பாஸ்லர் என்ற டாக்டர், சிகரெட் பிடிக்காம மாரத்தானை முடிக்கிற ஆளுக்குக் கரோனரி நோயால சாவே வராதுன்னு அடிச்சுச் சொல்ல ஆரம்பிச்சார். ஓடுறவங்களுக்கு இதைவிட இனிப்பான சேதி உண்டா? உலகமே ஓடிட்டிருந்த நேரம் அது. 1979ல் தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸும் நண்பர்களும் பதில் கொடுத்தாங்க: மாரத்தான் ஓடியவர்களின் பிரேதப் பரிசோதனைகள், குழாய்களில் தெளிவான அடைப்புகளோடு.

பொது ஜனத்துக்கு உறைச்சது 1984ல்தான். ஜிம் ஃபிக்ஸ். இவர் அப்பாவுக்கு 35 வயசில் மாரடைப்பு, 43ல் மரணம். ஃபிக்ஸ் 35 வயசில் ஓட ஆரம்பிச்சார். அதுவரைக்கும் தினம் இரண்டு பாக்கெட் சிகரெட், நூறு கிலோவை நெருங்கிய உடம்பு. எல்லாத்தையும் உதறிட்டு ஓடினார். 1977ல் ஓட்டத்தைப் பற்றி அவர் எழுதின புத்தகம் லட்சக்கணக்கில் வித்தது. 1984 ஜூலை 20, வெர்மான்ட் மாநிலத்தில் ஓட்டத்தின்போது விழுந்து இறந்தார். வயசு 52. பரிசோதனையில் கரோனரி குழாய்களில் கடுமையான அடைப்பு, ஒண்ணு கிட்டத்தட்ட முழுசா. அதுக்குச் சில மாசம் முன்னாடி டாக்டர் கென்னத் கூப்பர் தன் கிளினிக்கில் ட்ரெட்மில் சோதனை செய்துக்கச் சொல்லியும் அவர் செய்துக்கலைன்னு கூப்பர் பின்னர் எழுதினார்.

'பார்த்தியா, ஓடினா செத்துடுவாங்க'ன்னு ஒரு கூட்டம் கிளம்பிச்சு. எங்க வீட்டில் தங்கமணிக்கு இந்தக் கதையை யாரோ சொல்லிட்டாங்க. நான் ஷூ வாங்கின அன்னிக்கு அதுதான் பேச்சு. ஆனா ஃபிக்ஸ் அப்பாவைவிட ஒன்பது வருஷம் கூட வாழ்ந்தார். ஓட்டம்தான் அவரைக் கொன்னுச்சா, ஓட்டம்தான் அந்த ஒன்பது வருஷத்தைக் கொடுத்துச்சா? ஒரு ஆளை வெச்சு இதுக்குப் பதில் சொல்ல முடியாது. கணக்கு வேணும்.

கணக்கு வந்தது. 1982ல் ரோட் ஐலேண்ட் மாநிலத்தில் பால் தாம்சன் குழு பார்த்தது: 30 முதல் 64 வயசு வரை மெல்லோட்டம் ஓடும் ஆண்களில் 7,620 பேருக்கு வருஷத்துக்கு ஒருத்தர் ஓடும்போது இறக்கிறார். சும்மா இருக்கும் நேரத்தோடு ஒப்பிட்டா, ஓடும் அந்த நேரத்தில் ஆபத்து ஏழு மடங்கு. 1984ல் சியாட்டிலில் இருந்து இன்னொரு ஆய்வு: கடும் பயிற்சி செய்யும் நேரத்தில் ஆபத்து கூடுறது உண்மை. ஆனா நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தா, வழக்கமா பயிற்சி செய்யறவருக்குத் திடீர் இதய நிறுத்தம் வரும் வாய்ப்பு, உட்கார்ந்தே இருப்பவரில் பாதிக்கும் குறைவு. ரெண்டுமே ஒரே நேரத்தில் உண்மை. சாத்துக்குடிக்காரங்க முதல் பாதியை மட்டும் சொல்வாங்க. பாஸ்லர் மாதிரி ஆட்கள் இரண்டாம் பாதியை மட்டும் சொல்வாங்க.

2014ல் வந்த ஓர் ஆய்வு நம்ம சாதிக்கே நேரடியானது. மாரடைப்பிலிருந்து தப்பி ஓட்டமோ நடையோ செய்த 2,300க்கும் மேற்பட்டவர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தாங்க. ஓட்டம் கூடக்கூட இதய நோய் மரணம் குறைஞ்சுட்டே வந்தது. ஆனா நாளொன்றுக்கு ஏழு கிலோமீட்டரைத் தாண்டினபிறகு அந்த ஆதாயம் கரைய ஆரம்பிச்சது. ஒரு ஆய்வை வெச்சு கோடு கிழிக்க முடியாதுதான். ஆனாலும் வாரம் நூறு கிலோமீட்டர் ஓடி எனக்கு யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லைங்கற நிம்மதியை அது கொடுத்தது.

ஏழு கண்டம்

பைபாஸும் ஓட்டமும்னு பேசினா எல்லாரும் இழுக்கிற பேர் சர் ரனல்ஃப் ஃபைன்ஸ். துருவப் பிரதேசங்களில் நடந்த சாகசக்காரர். 2003 ஜூன் மாதம், 59 வயசில், பிரிஸ்டல் விமான நிலையத்தில் கிளம்பத் தயாரா இருந்த விமானத்திலேயே சரிஞ்சார். மூணு நாள் நினைவில்லை. டபுள் பைபாஸ். நாலே மாசத்தில் டாக்டர் மைக் ஸ்ட்ரவுடோடு சேர்ந்து ஏழு நாளில், ஏழு கண்டங்களின் பேரில், ஏழு மாரத்தான். (பருவநிலை காரணமா அண்டார்டிகாவுக்கு பதிலா ஃபாக்லாந்து தீவுகளில் ஓடினாங்க.) நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 130ஐத் தாண்டக்கூடாதுன்னு நிபந்தனையோடதான் அனுமதி. ஆனா துடிப்பைப் பார்க்கிற கருவியை எடுத்துட்டுப் போக மறந்துட்டேன்னு அவரே பின்னாடி சொன்னார்!

படிக்கச் சுவாரசியம். ஆனா நம்மை மாதிரி ஆளுக்கு முன்மாதிரி அவர் இல்லைங்கறது என் தாழ்மையான அபிப்பிராயம். அவர் வாழ்நாள் முழுக்க உடம்பைப் பழக்கினவர். நம்ம ஆள் டொராண்டோவில் ஒரு மைல் நடையில் ஆரம்பிச்ச அந்தப் பேர் தெரியாத குமாஸ்தாதான்.

அவர் வழியைத்தான் நானும் பிடிச்சேன். ஆபரேஷன் முடிஞ்சு, டாக்டர் ட்ரெட்மில் சோதனை எடுத்து சரின்னு சொன்னப்புறம், ஒரு வருஷம் நடை மட்டும். அப்புறம் ரெண்டு விளக்குக் கம்பத்துக்கு நடுவில் மெல்லோட்டம், அடுத்த ரெண்டு கம்பத்துக்கு நடை. நாடித்துடிப்பைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுவதால், '220லிருந்து வயசைக் கழி' என்கிற கணக்கு எனக்குப் பொருந்தாது. அதனால ஹவாய் டாக்டரின் பேச்சு விதிதான் எனக்கு மீட்டர். துணைக்கு வர்ற பக்கத்து வீட்டுக்காரரோட அரசியல் பேசிட்டே ஓடறேன், வாக்கியம் பாதியில் நின்னா வேகத்தைக் குறைச்சுடறேன். இப்போ வயசு 61, வாரத்துக்கு நாலு நாள், ஐந்து கிலோமீட்டர். எங்களைப் பல சமயம் நடந்து போறவங்களே முந்திப் போவாங்க. அதைப் பத்தி எங்களுக்குக் கவலை இல்லை.

இந்த வரலாற்றில் பயம் ஒரு பக்கம் ஆட்களைப் படுக்கையில் கட்டிப்போட்டுக் கொன்னுச்சு. மமதை இன்னொரு பக்கம் சோதனையே வேண்டாம்னு ஓட வெச்சுக் கொன்னுச்சு. நடுவில் நின்னு காப்பாத்தினது அளவுகோல்: லெவைனின் நாற்காலி மணிக்கணக்கு, மாரிஸின் இடுப்பளவு டேப், கவனாவின் தூரச்சீட்டு. உங்க வீட்டிலோ தெருவிலோ நெஞ்சில் தழும்போட யாராவது ஒருத்தர் ஈஸிசேரில் சாய்ஞ்சே காலத்தை ஓட்டிட்டிருந்தா, அடுத்த முறை சாத்துக்குடியோட ஒரு கேள்வியையும் எடுத்துட்டுப் போங்க: "டாக்டர்கிட்ட எவ்வளவு தூரம் நடக்கலாம்னு கேட்டீங்களா?" 'நடக்கலாமா'ன்னு கேட்கச் சொல்லாதீங்க. 'எவ்வளவு தூரம்'னு கேட்கச் சொல்லுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, தழும்பு உள்ள வாசகன், அவ்வளவே. நெஞ்சிலோ தாடையிலோ இடது கையிலோ இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் எது வந்தாலும் அந்த நிமிஷமே ஓட்டத்தை நிறுத்திட்டு உடனே டாக்டரைப் பாருங்க. விளக்குக் கம்பம் எங்கேயும் ஓடிடாது.